கிருமிநாசினி சோப்பு அவசியமா? நாப்லஸ் நகரம் தரும் விடை

கடைகளில் 'கிருமிகளைக் கொல்லும்' என்று அச்சிட்ட சோப்புகளைக் காண்கிறோம். பிள்ளைகளின் நலனுக்காக, விலை கூடினாலும் அவற்றையே வாங்கியாக வேண்டும் என்று எண்ணும் பெற்றோர் நம்மில் பலர். அவ்வெண்ணம் சரியா என்பதை அறிய, சோப்பின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

பலஸ்தீனத்தின் நாப்லஸ் நகரம் பல நூற்றாண்டுகளாகச் சோப்புக்குப் பெயர் பெற்றது. சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் விளையும் ஸைத்தூன் எண்ணெயே அதன் மூலப்பொருள். யோர்தான் நதிக்குக் கிழக்கேயுள்ள நிலங்களின் உவர்ச்செடிகளை எரித்த சாம்பலைப் பதூவிகள் கொண்டுவந்து தந்தனர். அச்சாம்பலையும் சுண்ணாம்பையும் நீரில் கரைத்து வடித்த காரநீரை எண்ணெயோடு சேர்த்து, பெருங்கொப்பரையில் நாட்கணக்கில் காய்ச்சினர். பின்னர் மேல்மாடித் தளத்தில் ஊற்றி, இறுகியதும் கட்டிகளாக வெட்டி, முத்திரை பதித்து, கோபுரம்போல் அடுக்கி உலர்த்தினர். 19ஆம் நூற்றாண்டில் இச்சோப்பு எகிப்துக்குப் பெருமளவில் ஏற்றுமதியானது. அச்சாம்பலைக் குறிக்கும் 'அல்-கலீ' என்ற அரபுச் சொல்லே வேதியியலில் 'ஆல்கலி' ஆயிற்று. நாப்லஸ் சோப்பு மரபையும் சிரியாவின் ஹலப் நகரச் சோப்பு மரபையும் 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியல்களில் சேர்த்தது.

எண்ணெய், காரம், நீர் ஆகிய இம்மூன்றில் கிருமிநாசினி எதுவும் இல்லை. பின் எவ்வாறு அது தூய்மை செய்கிறது? சோப்பின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் இரு முனைகள் உண்டு. ஒரு முனை நீரை நாடும்; மறுமுனை எண்ணெய்ப்பசையை நாடும். அழுக்கும் கிருமிகளும் தோலின் பசையில் ஒட்டியிருக்கின்றன. சோப்பு அப்பசையைச் சூழ்ந்து பெயர்த்தெடுக்க, ஓடும் நீர் அதை அடித்துச் செல்கிறது. கொரோனா போன்ற வைரஸ்களின் கொழுப்புறையையும் அது சிதைத்துவிடுகிறது.

1970களில் மருத்துவமனைகளில் பயன்பட்ட டிரைக்ளோசான் என்னும் வேதிப்பொருள், பின்னர் வீட்டுச் சோப்புகளிலும் புகுந்தது. சாதாரண சோப்பைவிட அது மேலானது என்பதற்கும், நாள்தோறும் பயன்படுத்தினால் தீங்கற்றது என்பதற்கும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சான்று கேட்டது. உற்பத்தியாளர்கள் போதிய சான்று தரவில்லை. எனவே 2016 செப்டம்பரில், டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருட்களைச் சேர்த்து வீட்டு உபயோகக் கிருமிநாசினிச் சோப்புகளை விற்பதற்கு அது தடை விதித்தது. மருத்துவமனைப் பயன்பாட்டுக்கு இத்தடை பொருந்தாது.

உறங்கி எழுந்தவர், கைகளைக் கழுவாமல் நீர்ப்பாத்திரத்தில் விடலாகாது என அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்துள்ளார்கள். கண்ணுக்குத் தெரியாத அசுத்தத்தையும் கருதிப் பார்க்கும் ஒழுக்கம் நம் மார்க்கத்தில் உண்டு. அதன் வழியில், உணவுக்கு முன்னும் கழிப்பறைக்குப் பின்னும் விரலிடுக்குகள் வரை சோப்பிட்டு, 20 விநாடிகளாவது தேய்த்துக் கழுவப் பிள்ளைகளைப் பழக்குவோம். மருத்துவர் தனியே அறிவுறுத்தினாலன்றி, சாதாரண சோப்பே நம் வீடுகளுக்குப் போதுமானது. தேவையற்றதற்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்விரயம். அதைத் தவிர்ப்பதும் நம் கடமையே.