லாஸ் ஏஞ்சலிஸ் ஒரு திராட்சை ஊரா இருந்தப்போ

இந்த எபிசோட் ஒரு திராட்சைக் கொடியைப் பத்தி. சரியாச் சொன்னா, ஒரே கொடி ரெண்டு இடத்துல இருக்கிற கதை.

லாஸ் ஏஞ்சலிஸ்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஹாலிவுட், டிராஃபிக், பீச். ஆனா 1850-கள்ல அந்த ஊருக்கு இருந்த அடையாளம் திராட்சை. ஊருக்குள்ளயும் சுத்தியும் நூத்துக்கு மேல திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. கலிபோர்னியா ஒயின்னா இன்னைக்கு எல்லாரும் நாபா பள்ளத்தாக்கைச் சொல்றாங்க. அந்தத் தொழில் ஆரம்பத்துல செழிச்சது லாஸ் ஏஞ்சலிஸ்லதான். நகரத்தோட முத்திரையை இன்னைக்கும் எடுத்துப் பாருங்க, ஓரத்துல ஆலிவ், ஆரஞ்சோட திராட்சையும் இருக்கும். தோட்டங்கள் போயிடுச்சு, லோகோவுல மட்டும் மிச்சம்.

அந்த ஊர் நடுவுல ஓல்வேரா ஸ்ட்ரீட்னு ஒரு பழைய தெரு. அங்கே ஆவிலா அடோபி என்ற மண்வீடு இருக்கு. 1818-ல் கட்டியது, லாஸ் ஏஞ்சலிஸ்ல இன்னும் நிக்கிற வீடுகள்லயே பழசு. அதன் முற்றத்துல பந்தல் மேல ஒரு திராட்சைக் கொடி படர்ந்திருக்கு. வருஷக்கணக்கா சுற்றுலாப் பயணிகள் அதுக்குக் கீழே நின்னு போட்டோ எடுத்தாங்க. அது என்ன ரகம்னு யாரும் பெருசா யோசிக்கலை. பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னாடி அதோட இலையை டேவிஸ் நகரத்துல இருக்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினாங்க. கிடைச்ச பதில்: இது அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சான் கேப்ரியல் மிஷன் வளாகத்துக் கொடியும் இதுவும் ஒண்ணு. ஒரே ரகம்ங்கிற அர்த்தத்துல இல்லை. ஒரே செடி.

இங்கே கொஞ்சம் நிறுத்தி விளக்கணும். திராட்சையை விதையில இருந்து வளர்த்தா, அது அப்பா அம்மா ரெண்டு பேர் குணமும் கலந்த புதுச் செடி. குச்சி வெட்டி நட்டா அதே செடியோட நகல். நம்ம பாஷையில சொன்னா, விதை என்பது மெர்ஜ், குச்சி என்பது குளோன். டி.என்.ஏ. அச்சாப் பொருந்துதுன்னா, யாரோ ஒருத்தர் ஒரு கொடியில இருந்து குச்சி வெட்டி, ஈரம் காயாம தூக்கிட்டுப் போய் இன்னொரு இடத்துல நட்டிருக்காங்க. அந்த யாரோ ஒருத்தர் யாருங்கறதுதான் இன்னைக்கு விஷயம்.

முதல்ல அந்தச் செடியோட அப்பா அம்மாவைப் பார்த்துடலாம். ஒரு பக்கம் 'மிஷன்' திராட்சை. ஸ்பானியப் பாதிரியார்கள் கொண்டு வந்த ஐரோப்பிய ரகம். இதோட பூர்வீகம் என்னன்னு ரொம்ப நாளா யாருக்கும் தெரியாது. 2007-ல் வெளியான ஒரு ஸ்பானிய ஆய்வு அதைக் கண்டுபிடிச்சது: லிஸ்டான் ப்ரியெட்டோ. ஸ்பெயின்ல கிட்டத்தட்ட மறைஞ்சே போய், கேனரி தீவுகள்ல மட்டும் தங்கிப் பிழைச்ச ரகம். சிலில இதே பழத்துக்கு 'பாயிஸ்'னு பேர், அர்ஜென்டினாவுல 'கிரியோயா சிகா'. இன்னொரு பக்கம் வைடிஸ் ஜிர்டியானா. தெற்கு கலிபோர்னியாவோட ஓடைக்கரைகள்ல தானா வளர்ற காட்டுத் திராட்சை. பழம் சின்னது, கொட்டைதான் அதிகம். இந்த ரெண்டுக்கும் நடுவுல எப்பவோ மகரந்தம் மாறி, விதை விழுந்து, ஒரு கலப்புச் செடி முளைச்சிருக்கு. யாரும் திட்டம் போட்டுச் செஞ்ச மாதிரி தெரியலை. காத்தோ தேனீயோ செஞ்ச வேலை.

சான் கேப்ரியல் மிஷன் 1771 செப்டம்பர்ல தொடங்கியது. மிஷன் என்றால் வெறும் தேவாலயம் கிடையாது. பண்ணை, பட்டறை, கிடங்கு எல்லாம் சேர்ந்த ஒரு குடியேற்றம். அங்கே உழைத்தவர்கள் டாங்வா மக்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகள், கேப்ரியலீனோ என்றும் சொல்வார்கள். ஞானஸ்நானம் வாங்கிய பிறகு மிஷனை விட்டுப் போக அவர்களுக்கு அனுமதி இல்லை, ஓடினால் படைவீரர்கள் பிடித்து வருவார்கள். 1785-ல் டொய்புரினா என்ற டாங்வா பெண் மிஷனுக்கு எதிரான ஒரு கலகத்தில் முன்னால் நின்றார். அது தோற்றது, அவர் நாடு கடத்தப்பட்டார். கலிபோர்னியாவின் மிஷன்களிலேயே அதிகம் ஒயின் செய்தது சான் கேப்ரியல்தான். அங்கிருந்த பெரிய தோட்டத்துக்கு 'வின்யா மாத்ரே', அதாவது தாய்த் தோட்டம் என்று பெயர். மிஷனின் கல்லறைத் தோட்டத்தில் சுமார் 6,000 பூர்வகுடிகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தாய்த் தோட்டம்ங்கிற பேரைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணும் சேர்ந்தே ஞாபகம் வருது.

1830-கள்ல மெக்சிகோ அரசாங்கம் மிஷன்களைக் கலைச்சது. நிலத்துல ஒரு பங்கு பூர்வகுடிகளுக்குப் போகணும்னு பேப்பர்ல இருந்துச்சு. நடந்தது வேற. நிலம் செல்வாக்குள்ள குடும்பங்களுக்குப் போச்சு, உழைச்சவங்க வெறுங்கையோட லாஸ் ஏஞ்சலிஸுக்கு வேலை தேடி வந்தாங்க. கவாத்து பண்ணத் தெரியும், குச்சி நடத் தெரியும், பழம் மிதிச்சு சாறு எடுக்கத் தெரியும். ஊர்ல அந்த வேலை முழுசாத் தெரிஞ்சவங்களே அவங்கதான்.

அதே சமயத்துல, 1831-ல், ஃபிரான்ஸோட போர்தோ பக்கத்துல இருந்து ழான் லூயி வின்யே என்பவர் வந்து சேர்ந்தார். ஃபிரெஞ்சுல அந்தக் குடும்பப் பேருக்கே திராட்சைக் கொடிகள்னு அர்த்தம். அவரோட தோட்டத்துக்கு 'எல் அலிசோ'ன்னு பேர், வாசல்ல நின்ன பெரிய சைக்கமோர் மரத்தால வந்த பேர். அந்த மரத்தடி அதுக்கு முன்னாடி டாங்வா மக்களோட யாங்னா கிராமத்துக்குக் கூடுமிடம். கென்டக்கில இருந்து வந்த வில்லியம் வுல்ஃப்ஸ்கில் இன்னொரு பெரிய தோட்டக்காரர். அப்புறம் கோலர், ஃப்ரோலிங்னு ரெண்டு ஜெர்மன்காரங்க. ரெண்டு பேரும் இசைக் கலைஞர்கள், ஃபிடிலையும் புல்லாங்குழலையும் வச்சுட்டு ஒயின் வியாபாரத்துல இறங்கினவங்க. கலிபோர்னியா ஒயின் வரலாற்றுப் புத்தகம் எதை எடுத்தாலும் இந்த நாலு பேர் வருவாங்க. சுவாரஸ்யமான ஆட்கள்தான், மறுக்கலை. ஆனா அதே பக்கங்கள்ல பழம் பறிச்சவங்க 'தொழிலாளர்கள்'ங்கிற ஒரே சொல்லுக்குள்ள முடிஞ்சு போறாங்க.

இப்போ நான் இந்த எபிசோட் பண்ணவே காரணமான பகுதிக்கு வர்றேன்.

1850 ஏப்ரல். கலிபோர்னியா இன்னும் அமெரிக்க மாநிலமாகக்கூட சேரவில்லை, அது செப்டம்பரில்தான். அடிமை முறை இல்லாத மாநிலம் என்று அரசியலமைப்பில் எழுதியிருந்தார்கள். அந்த ஏப்ரலில் சட்டசபை ஒரு சட்டம் போட்டது. பெயர்: 'இந்தியர்களின் நிர்வாகத்துக்கும் பாதுகாப்புக்குமான சட்டம்'. இந்தியர்னு அவங்க சொன்னது அந்த மண்ணோட பூர்வகுடிகளை. ஒரு பூர்வகுடி வேலையில்லாமச் சுத்துறார், குடிச்சிருக்கார்னு ஒருத்தர் புகார் கொடுத்தா போதும். அவரைக் கைது செய்து, அதிகம் கேட்பவருக்கு நாலு மாசம் வரைக்கும் வேலைக்கு விடலாம். பூர்வகுடி சொல்ற சாட்சியத்தை வச்சு ஒரு வெள்ளைக்காரருக்குத் தண்டனை கொடுக்க முடியாதுன்னும் அதே சட்டத்துல இருந்துச்சு. 'பாதுகாப்பு'ங்கிற சொல்லை வச்சிருந்த இடத்தைப் பாருங்க.

அந்த ஆகஸ்ட்லயே லாஸ் ஏஞ்சலிஸ் நகர சபை தன் பங்குக்கு ஒரு விதி போட்டது. கைதானவங்களுக்கு நகராட்சி வேலை இல்லைன்னா, அவங்களை ஏலத்துல விடலாம்.

அது எப்படி வேலை செய்தது என்பதைத்தான் மெதுவாகச் சொல்லணும். சனிக்கிழமை தோட்டக்காரர்கள் கூலி கொடுப்பார்கள். பல பேர் அதைக் காசாகக் கொடுக்கவில்லை, அகுவார்டியென்டேயாகக் கொடுத்தார்கள். திராட்சையில காய்ச்சுற பிராந்தி அது. அதாவது, அவங்க பறிச்ச அதே பழம். ஞாயிறு முழுக்கக் குடி, சண்டை, ஞாயிறு சாயங்காலம் கைது. கும்பலாகப் பட்டியில் அடைப்பார்கள். திங்கட்கிழமை காலையில் ஏலம். தோட்டக்காரர்கள் வந்து ஒரு வாரத்துக்கு ஒரு ஆளை எடுப்பார்கள், ஒரு டாலரில் இருந்து மூணு டாலருக்குள். அதில் மூணில் ஒரு பங்கு உழைத்தவருக்கு. அதுவும் பெரும்பாலும் சாராயமாக. மறுபடி சனிக்கிழமை. மறுபடி ஞாயிறு.

நாங்க கோட் எழுதுறவங்க இதுக்கு லூப்னு சொல்லுவோம். வெளியே வர ஒரு கண்டிஷன் இருக்கணும். இதுல வெளியே வர வழி சாவு மட்டும்தான். அந்த ஊர்ல இருந்த வக்கீல் ஹொரேஸ் பெல் 1881-ல் எழுதின நினைவுக் குறிப்புலயே இதை அடிமைச் சந்தைன்னு சொல்லிட்டார். பின்னாடி யாரோ இன்னைக்குள்ள கண்ணோட்டத்துல சொன்ன குற்றச்சாட்டு இல்லை இது. கண்ணால பார்த்தவரோட சொல். சாராயம், நோய், வன்முறை, 1860-கள்ல பெரியம்மை, எல்லாம் சேர்ந்து இருபது வருஷத்துல அந்த ஊரோட பூர்வகுடிச் சமூகத்தைக் கரைச்சிடுச்சு. அந்தச் சட்டத்தோட கடைசித் துண்டு ரத்தானது 1937-ல்.

தோட்டங்களும் நீடிக்கலை. 1857-ல் ஜெர்மன் குடியேறிகள் அனஹைம்னு ஒரு ஊரையே திராட்சைக்காக உருவாக்கினாங்க. ஆமா, டிஸ்னிலேண்ட் இருக்கிற அதே அனஹைம்தான். 1880-கள்ல அங்கே கொடிகள் ஓரம் கருகி, காய்ஞ்சு, மொத்தமாச் சாக ஆரம்பிச்சது. ஆயிரக்கணக்கான ஏக்கர். நியூட்டன் பியர்ஸ் என்பவரை அரசாங்கம் அனுப்பி ஆராயச் சொன்னது. அவர் 1892-ல் அறிக்கை கொடுத்தார், காரணம் பிடிபடலை. பின்னாடி அந்த நோய்க்கு அவர் பேரையே வச்சாங்க, பியர்ஸ் நோய். உண்மையான காரணம் சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்ற பாக்டீரியா. சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி மாதிரியான பூச்சிகள் அதைப் பரப்பும். அது கொடிக்குள்ள தண்ணி ஏறுற குழாய்களை அடைக்கும். வேர்ல தண்ணி இருந்தும் கொடி தாகத்துல சாகும்.

ஐரோப்பியத் திராட்சைக்கு இதைத் தாங்குற சக்தி இல்லை. அந்தப் பக்கத்துக் காட்டுத் திராட்சைகளுக்கு அது உண்டு. டேவிஸ் ஆய்வாளர்கள் சமீபத்துல வெளியிட்ட அஞ்சு புது ரகங்களுக்கு இந்தச் சக்தி வந்ததே வைடிஸ் அரிசோனிகா என்ற இன்னொரு காட்டுத் திராட்சையில இருந்துதான். இப்போ ஆவிலா வீட்டு முற்றத்துக்கு வாங்க. சுத்தி இருந்த தோட்டம் எல்லாம் நோய்லயும், ஆரஞ்சு மோகத்துலயும், ரியல் எஸ்டேட்லயும் அழிஞ்ச ஊர்ல இந்தக் கலப்புக் கொடி மட்டும் நிக்குது. காட்டுத் திராட்சை வழியா வந்த சொந்தம்தான் அதைக் காப்பாத்தியிருக்கும்னு நம்ப நல்ல காரணம் இருக்கு.

சரி, ஒயினரி எங்கேன்னு கேப்பீங்க. லாஸ் ஏஞ்சலிஸ்ல ஆஞ்சலினோன்னு ஒரு சின்ன ஒயினரி இருக்கு. அந்த மாவட்டத்துல விளையுற பழத்துலதான் ஒயின் செய்வோம்னு கிளம்பினவங்க. அவங்க, அதே மாதிரி இன்னும் சில சின்ன ஒயினரிகளோட சேர்ந்து, சான் கேப்ரியல் மிஷன் பந்தல்ல இருந்து பழம் பறிச்சு 'ஆஞ்சலிக்கா' செஞ்சாங்க. மிஷன் காலத்துப் பானம் அது. திராட்சைச் சாறு லேசா புளிக்கிறப்பவோ, அதுக்கும் முன்னாடியோ பிராந்தியை ஊத்தி நிறுத்திடுவாங்க. அதனால தித்திப்பு அப்படியே இருக்கும், பீப்பாயில வருஷக்கணக்கா கெடாது. பேரே அந்த ஊரோட பேர்ல இருந்து வந்ததுன்னுதான் சொல்றாங்க. 2020 ஜூலையில அந்த மிஷன் தேவாலயத்தோட கூரை எரிஞ்சு விழுந்தது. பந்தல் தப்பிச்சது.

நான் ஒயின் ருசியைப் பத்திப் பேச லாயக்கானவன் இல்லை. ஆனா இந்த மாதிரி வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. இதுல லாபம் பெருசா இருக்க வாய்ப்பில்லை, ரெண்டு மூணு பந்தல்ல எவ்வளவு பழம் வந்துடும்? பழைய கொடியில திரும்பப் பழம் பறிக்கிறது அந்தக் கொடியைப் பத்தின கேள்விகளையும் திரும்பக் கொண்டு வருது, அதுதான் எனக்கு முக்கியம். உறுத்துறது ஒண்ணே ஒண்ணு. 'மிஷன் பாதிரியார்களின் மரபு'ன்னு இந்த வகை ஒயினைப் பத்தி எழுதுறவங்க இருக்காங்க. பாதிரியார் கவாத்து பண்ணலைங்க. ஒவ்வொரு வருஷமும் எந்தக் கணுவுல வெட்டணும்னு முடிவு பண்ணின கை டாங்வா கை. கவாத்து செஞ்சவங்க ரெண்டு மூணு வருஷம் விட்டிருந்தா அந்தக் கொடி மரத்துல ஏறிக் காடா போயிருக்கும். 15 கிலோமீட்டர் குச்சியைத் தூக்கிட்டு வந்தது யாருன்னு டி.என்.ஏ. ரிப்போர்ட் சொல்லாது. அந்தக் காலத்துல அந்த ஊர்ல யார் குச்சி நட்டாங்கன்னு தெரிஞ்சவங்களுக்கு அது பெரிய புதிரும் இல்லை.

டாங்வா மக்கள் இன்னைக்கும் லாஸ் ஏஞ்சலிஸ்ல இருக்காங்க. மத்திய அரசாங்கம் இன்னும் அவங்களைத் தனிப் பழங்குடியா அங்கீகரிக்கலை.

கேக்குறவங்கள்ல சில பேர் ஆன்சைட்னு அந்தப் பக்கம் போவீங்க. யூனியன் ஸ்டேஷனுக்கு எதிர்லயே ஓல்வேரா ஸ்ட்ரீட். ஆவிலா வீட்டுக்கு டிக்கெட் கிடையாது. முற்றத்துல நிமிர்ந்து பந்தலைப் பாருங்க. ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் கொஞ்ச தூரம் நடந்தா ஒரு தெருப் பலகை வரும், வின்யே ஸ்ட்ரீட்னு.