வாந்தி பேதியோடு வரும் குழந்தை வலிப்பு

லேசான வயிற்றுத் தொற்று கண்ட குழந்தைக்கு, காய்ச்சலும் கடுமையான நீரிழப்பும் இல்லாதபோதே வரும் வலிப்பு இது. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான, அதுவரை நலமாக வளர்ந்துவந்த குழந்தைகளுக்கு வருகிறது. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் மிகுதி. ஜப்பானிய மருத்துவர் மொரூக்கா 1982இல் இதைத் தனி நோய்நிலையாகப் பிரித்துக் காட்டினார். அதன்பின் தைவான், கொரியா, ஹாங்காங், சீனா ஆகிய இடங்களிலிருந்தும், பிறகு ஐரோப்பா, அமெரிக்காவிலிருந்தும் இத்தகைய குழந்தைகளைப் பற்றிய பதிவுகள் வந்தன.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாந்தி பேதி வீட்டுக்கு வீடு தெரிந்த நோய். ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ குழந்தையைத் தூக்கிவரும் தாய், “ரெண்டு நாளா வயித்தால போகுது, இன்னைக்கு பிட்ஸ் வந்துருச்சு” என்பார். பாட்டிமார் இதையே மாந்தம் என்பார்கள். சித்த மருத்துவத்தின் பாலவாகட நூல்களும் செரியாமை, பேதி, இழுப்பு மூன்றையும் மாந்தம் என்ற தலைப்பின்கீழ்ச் சேர்த்தே பேசுகின்றன. வயிறு கெட்ட குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும் என்பதை இந்த மண் நெடுங்காலமாகக் கவனித்திருக்கிறது. ஆனால் மாந்தம் என்ற அந்த ஒரே பெயருக்குள் ஆபத்தில்லாத வலிப்பும் உயிரைப் பறிக்கும் வலிப்பும் கலந்து கிடந்தன. அவற்றைப் பிரித்தறிவதுதான் இன்றைய மருத்துவரின் வேலை.

வலிப்பு பெரும்பாலும் பேதி தொடங்கிய முதல் ஐந்து நாட்களுக்குள் வருகிறது. சில குழந்தைகளுக்குப் பேதி தொடங்குமுன்பே, வாந்தி மட்டும் இருக்கும்போதே வந்துவிடுவதும் உண்டு. கண் மேலே செருகும், கை கால் விறைத்து வெட்டும், சில குழந்தைகள் அசைவற்று வெறித்துப் பார்க்கும். ஐந்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் தானாகவே அடங்கும். பெற்றோரைக் கலங்கடிப்பது அதன் பிறகு நடப்பது: தெளிந்து பால் குடித்த குழந்தைக்குச் சில மணி நேரத்தில் மீண்டும் வருகிறது. ஒரே நாளில் இரண்டு, மூன்று முறை அடுத்தடுத்து வருவது இந்நோயின் தனி அடையாளம். வலியும் அழுகையும் வலிப்பைத் தூண்டுவதும் உண்டு. ஊசி குத்தும்போது வீறிட்டு அழுத குழந்தைக்கு அங்கேயே வெட்டு வருவதைப் பார்த்து, ஊசி மருந்தினால்தான் வந்தது என்று பெற்றோர் எண்ணிவிடக்கூடும்.

காரணக் கிருமிகளில் முக்கியமானவை ரோட்டா வைரசும் நோரோ வைரசும். இவை வலிப்பை எப்படி உண்டாக்குகின்றன என்பது இன்னும் முழுமையாக விளங்கவில்லை. ரத்தச் சர்க்கரை, சோடியம், கால்சியம், முதுகுத்தண்டு நீர் எல்லாம் இயல்பாகவே இருக்கும். வலிப்பு இல்லாத நேரத்தில் எடுக்கும் மூளை மின்பதிவும் பெரும்பாலும் இயல்பாகவே வரும்.

இந்த நோய்ப்பெயரை எடுத்த எடுப்பில் சூட்டக் கூடாது. பேதியோடு வரும் வலிப்பில் சர்க்கரைக் குறைவு, சோடியம் ஏறுவது அல்லது இறங்குவது, ஷிகெல்லா சீதபேதி, காய்ச்சல் வலிப்பு, மூளைக்காய்ச்சல் ஆகியவற்றை விலக்கிய பிறகே இது மிஞ்ச வேண்டும். சோடியம் ஏறியதற்குக் காரணம் வீட்டிலேயே இருக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டிய உப்பு சர்க்கரைக் கரைசல் (ஓஆர்எஸ்) பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுத்தால், மருந்தே வலிப்பைக் கொண்டுவரும். இனிப்புப் பானங்களை நம்புவதிலும் ஆபத்து உண்டு. அவற்றில் உப்பு போதாது. ஓஆர்எஸ் என்ற பெயரைத் தாங்கிக் கடைகளில் விற்ற இத்தகைய பானங்களுக்கு அந்தப் பெயரை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடைசெய்தது. அந்தத் தடை வெகு முன்பே வந்திருக்க வேண்டும்.

வலிப்பு வந்த குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, எச்சிலும் வாந்தியும் வெளியே வழிய விட வேண்டும். வாயில் விரலோ கரண்டியோ வைக்கவோ தண்ணீர் ஊற்றவோ கூடாது. கையில் இரும்புச் சாவி திணிப்பதாலும் வெங்காயம் முகர வைப்பதாலும் பயனில்லை. தானாக அடங்கும் வலிப்பு சாவியால் அடங்கியதுபோலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். நாட்டு வைத்தியமாகத் தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிப் போவது இன்னும் கெடுதல், ஏனெனில் சர்க்கரையும் உப்பும் பார்க்க வேண்டிய மணிநேரம் அங்கே கழிந்துவிடும். முதல் வலிப்பு எதுவாயினும் மருத்துவமனை அவசியம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, முடிந்த பிறகும் குழந்தை தெளியாவிட்டாலோ 108 ஆம்புலன்சை அழைக்கத் தயங்கக் கூடாது. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. நாமக்கல்லிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

வலிப்பை நிறுத்த வழக்கமாகத் தரும் டயசெபாம், இந்நோயில் அடுத்த வலிப்பைத் தடுக்கப் பல குழந்தைகளுக்குப் போதுவதில்லை. குறைந்த அளவு கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்து நன்றாக வேலை செய்வதை ஜப்பானிய மருத்துவர்கள் கண்டனர். பேதி நின்றதும் அதுவும் தேவையில்லை. இந்தக் குழந்தைகளின் வளர்ச்சி மற்ற குழந்தைகளைப் போலவே அமைகிறது. பின்னாளில் காக்காய் வலிப்பு நோயாக மாறுவது மிக அரிது. ஆகவே ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை எழுதித் தருவது தவறு. மாத்திரையோடு வரும் ‘வலிப்புக்காரப் பிள்ளை’ என்ற பட்டம் அதைவிடக் கொடியது. இந்து திருமணச் சட்டத்திலேயே காக்காய் வலிப்பு மணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999இல்தான் அது நீக்கப்பட்டது. ஒன்றரை வயதில் இரண்டு முறை வெட்டு வந்ததை மறைத்து மறைத்து ஒரு பெண்ணைப் பெற்றவர்கள் இருபது ஆண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இந்த வலிப்புக்குக் காரணமான கிருமிகளில் நோரோ வைரசுக்குத் தடுப்பூசி இல்லை. ரோட்டா வைரசுக்கு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் குழுவினர் பல்லாண்டு ரோட்டா வைரசை ஆராய்ந்தனர். இந்தியாவிலேயே உருவான ரோட்டாவாக் தடுப்பு மருந்தின் சோதனையிலும் வேலூர் பங்கேற்றது. இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் 2016இல் நான்கு மாநிலங்களில் தொடங்கிய ரோட்டா சொட்டு மருந்து, 2017இல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 6, 10, 14ஆம் வாரங்களில் வாய்வழியாக, இலவசமாகத் தரப்படுகிறது. தவறவிட்டவர்கள் குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் முதல் தவணையைத் தொடங்கலாம். புதன்கிழமைத் தடுப்பூசி நாளில் துணை சுகாதார நிலையத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.