விண்ணை எழுதியவரும் நமது கரையும்

விஞ்ஞானப் புனைகதை என்றவுடன் அதனை வெறும் பொழுதுபோக்கு எழுத்தென ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. விண்கலங்களும் வேற்றுக் கிரகங்களும் நிறைந்த கதைகளுக்கும், கடன்பட்டு வாங்கிய வள்ளத்தில் விடியுமுன் கடலேறும் சல்லிக் கிராமத்துத் தொழிலாளிக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் அதற்கான விடையை நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. நமது திருகோணமலைக் கடலிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.

ஆர்தர் சி. கிளார்க் 1917 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். விஞ்ஞான நாவலாசிரியராக உலகப் புகழ் பெற்ற அவர், 1956 இல் இலங்கையில் குடியேறி, 2008 மார்ச் 19 ஆம் நாள் மறையும்வரை இந்நாட்டிலேயே வாழ்ந்தார். விண்ணைப் பற்றி எழுதிய அவரை இங்கு ஈர்த்தது கடலே. நீரில் மூழ்கியவனுக்குத் தன் உடலின் பாரம் தெரிவதில்லை. விண்வெளிப் பயணியின் அனுபவத்தை மண்ணுலகிலேயே ஓரளவு பெறுவதற்கு அதுவே வழியென அவர் கருதினார்.

அவருடைய தோழரான மைக் வில்சன், 1956 இல் கோணேசர் மலையடியில் மூழ்கியபோது பழைய ஆலயத்தின் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் சிதறிக் கிடப்பதைக் கண்டார். போர்த்துக்கேயர் 1620 களில் அவ்வாலயத்தைத் தகர்த்துக் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர் என்பது வரலாறு. கடலடியிலிருந்து சிவலிங்கமொன்றும் வெளிக்கொணரப்பட்டது. 1963 இல் புதிய ஆலயம் குடமுழுக்குக் கண்டது. இலங்கைக் கடலில் பெற்ற இத்தகைய அனுபவங்களைத் 'தப்ரபேனின் கடற்பாறைகள்' என்ற நூலாகக் கிளார்க் 1957 இல் வெளியிட்டார். (ஆங்கிலத்தில் அமைந்த நூற்பெயர்களைத் தமிழாக்கியே இங்கு தருகிறோம்.) எதிர்காலத்தை எழுத வந்தவர், ஆதிக்கக்காரர் உடைத்தெறிந்த ஒரு மக்களின் கடந்த காலத்திற்குச் சாட்சி கூற நேர்ந்தமை கருதத்தக்கது.

அவருடைய நாவல்களிலும் கடல் இடம்பெறத் தவறவில்லை. அதே 1957 இல் வெளிவந்த 'ஆழ்கடல் வெளி' என்னும் நாவலின் நாயகன், விண்வெளியில் நேர்ந்த விபத்தால் உள்ளம் தளர்ந்து, கடலில் திமிங்கிலங்களை மேய்க்கும் காவலனாகத் தொழில் பழகுகிறான். உலகின் பசியைக் கடல் தணிக்கும் காலமது. கடற்றொழில் அங்கே பயிற்சியும் பாதுகாப்பும் மதிப்பும் பெற்ற பணி. உயிர்க்கொலையை நிறுத்துமாறு வாதாடும் பௌத்தப் பெரியார் ஒருவரும் அதில் வருகிறார். 1979 இல் வெளிவந்த 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' இத்தீவையே தழுவியது. சிவனொளிபாத மலையையும் சிகிரியாவையும் பெயர் மாற்றி, தீவையே பூமத்திய ரேகைக்கு நகர்த்தி, அங்கிருந்து விண்ணுக்கு ஏறும் பெருந்தூக்கியைப் பொறியியலாளர் ஒருவர் அமைப்பதாகக் கதை செல்கிறது. அரசனின் குன்றும் துறவியரின் மலையும் அந்நாவலின் நடுநாயகமாக விளங்குகின்றன. கரைவலை இழுப்போரின் மணற்பரப்பு அதன் மையத்தில் இல்லை. இக்குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை.

கிளார்க்கின் எழுத்துகளை ஒருங்கே நோக்கினால் அவற்றினூடே ஓடும் ஒரு சரடு புலப்படும். முன்னறிதலே அச்சரடு. 1945 ஒக்டோபரில், இன்னும் ஒரு செய்மதிகூட ஏவப்படாத காலத்தில், பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என அவர் கட்டுரை எழுதினார். 1964 இல் அத்தகைய பாதையில் முதற் செய்மதி நிலைபெற்றது. 1973 இல் வெளிவந்த 'ராமாவுடன் சந்திப்பு' என்ற நாவல், 2077 இல் வட இத்தாலியில் விண்கல் வீழ்ந்து நகரங்கள் அழிவதுடன் தொடங்குகிறது. இனி இத்தகைய அழிவு நேராதிருக்க மனிதர் விண்வெளிக் காவல் அமைப்பொன்றை ஏற்படுத்துகின்றனர். பிற்காலத்தில் அமெரிக்க விஞ்ஞானிகள் விண்கற்களைக் கண்காணிக்கும் திட்டம் வகுத்தபோது, இந்நாவலில் வரும் பெயரையே அதற்கும் சூட்டினர்.

இனி 2004 டிசம்பர் 26 ஆம் நாளுக்கு வருவோம். அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினமுங்கூட. காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தது. அலை நமது கீழைக் கரையை அடைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பசிபிக் சமுத்திர எச்சரிக்கை நிலையத்தார் நில நடுக்கத்தைச் சில நிமிடங்களிலேயே அறிந்து, தமது நாடுகளுக்கு அறிவித்தலும் விடுத்தனர். இந்து சமுத்திரத்துக்கு அத்தகைய அமைப்பு இருக்கவில்லை. விண்ணிலே செய்மதிகள் சுழன்றுகொண்டிருந்தன. நமது வீடுகளில் தொலைக்காட்சியும் வானொலியும் இருந்தன. ஆயினும் கரையில் வலை உலர்த்தியவனுக்கு ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. இத்தீவில் மாத்திரம் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஹிக்கடுவையிலிருந்த கிளார்க்கின் சுழியோடற் பள்ளியும் அழிந்தது. 1883 இல் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தபோது காலித் துறைமுகத்தில் கடல் வற்றிய நிகழ்ச்சியை அவர் 1957 ஆம் ஆண்டு நூலிலேயே குறிப்பிட்டிருந்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

செய்மதித் தொடர்பை முதலிற் சிந்தித்தவர் வாழ்ந்த தீவிலேயே எச்சரிக்கை வந்து சேரவில்லை. இதற்கு விஞ்ஞானத்தைப் பழிப்பது தவறு. விதியைப் பழிப்பது அதனினும் பெருந்தவறு. கருவி இருந்தது, அறிவும் இருந்தது. அவற்றைக் கரையோர ஏழைக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடுதான் இல்லை. வணிகரும் செல்வரும் திரளாக வாழ்ந்த பசிபிக் கரைகளுக்கு 1949 முதலே எச்சரிக்கை நிலையம் இருந்தது. நமது கரைகளுக்கு அஃது உருவாக இலட்சக்கணக்கானோர் மடிய வேண்டியிருந்தது. உற்பத்திச் சக்திகள் எவ்வளவு வளரினும், அவை எவருக்காக இயங்குகின்றன என்பதைச் சமுதாய உறவுகளே தீர்மானிக்கின்றன என்ற உண்மைக்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

கிளார்க்கின் நோக்கிலிருந்த பலவீனமும் இதுவே எனலாம். செய்தி பரவினால் எல்லைகள் தாமே கரையும் என அவர் பெரிதும் நம்பினார். ஆனால் அவர் வாழ்ந்த காலத்திலேயே இந்நாடு இனப்போரில் எரிந்தது. காவல் வலயங்களும் தடைகளும் நமது மீனவரைக் கடலினின்றும் விலக்கின. அதனை அவர் உணராதவரல்லர். 2007 டிசம்பரில், தமது தொண்ணூறாவது பிறந்த நாளில், மூன்று விருப்பங்களை அவர் வெளியிட்டார். வேற்றுலக உயிர்களுக்குச் சான்று கிடைத்தல் ஒன்று; மனிதகுலம் எண்ணெய்க்கு அடிமைப்படுதலினின்று விடுபடல் மற்றொன்று; மூன்றாவது, இலங்கையில் நிலையான சமாதானம். அம்மூன்றையும் காணாமலே சில திங்களில் அவர் மறைந்தார்.

ஆசிரியராகிய நமக்கும் மாணவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. இந்நாவல்களை அயலார் கற்பனை என்று தள்ளிவிடாது படிக்க வேண்டும். படிக்குந்தோறும், இந்த எதிர்காலத்தில் கடலோரத் தொழிலாளிக்கு இடம் எங்கே, எச்சரிக்கை அவனுக்கு எந்த மொழியில் எத்தனை மணிக்கு எட்டும் என்று வினவவும் வேண்டும். அவ்வினாவுடன் வளரும் சல்லிக் கிராமத்துப் பிள்ளை ஒருவன் நாளை எழுதப்போகும் நாவலுக்காக நாம் காத்திருக்கிறோம். அதில் விண்கலமும் இருக்கட்டும். கரைவலைக் கயிறும் இருக்கட்டும்.