நாலு தடவை திறந்த கதவு

போன வாரம் பரண்ல கிடந்த சாக்கை உதறினப்போ பழைய கணக்கு நோட்டு ஒன்னு விழுந்துச்சு. 2019லேர்ந்து 2022 வரைக்கும் நான் வித்த கீரைக்கட்டுக் கணக்கு. புரட்டிப் பாத்தா, அது கீரைக் கணக்கு மட்டும் இல்ல. ஒரு கோயில் மூடித் திறந்த வரலாறும் அதுல இருக்கு. அதை எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு.

எங்க அப்பா காலத்துல கீழ்க்கட்டளை ஏரித் தண்ணியில நெல் விளைஞ்சது. இப்போ அந்தப் பக்கமெல்லாம் அடுக்குமாடி. எனக்கு மிச்சம் கொஞ்சம் கீரைப் பாத்திதான். ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள பறிச்சு, பக்கத்து மாதா கோயில் வாசல்ல வச்சிடுவேன். முதல் பூசை முடிஞ்சு வர்றவங்க வாங்கிட்டுப் போவாங்க. நான் கிறிஸ்தவன் இல்ல. ஆனா அந்த வாசல்ல உக்காந்து இருபது வருஷம் ஆச்சு.

இந்தப் பக்கத்துக்குக் கிறிஸ்தவம் புதுசு இல்ல. பரங்கிமலை உச்சியில போர்த்துகீசியர் கோயில் கட்டினது 1523ல. 1547ல அங்கே தோண்டினப்போ பழைய கல் சிலுவை கிடைச்சது. தோமையார் உயிர் விட்ட இடம்னு நம்பி இன்னிக்கும் மலை ஏறுறாங்க.

2020 மார்ச் 22, ஞாயித்துக்கிழமை. ஜனதா ஊரடங்கு. மூணு நாள்ல நாடு முழுக்க ஊரடங்கு வந்துடுச்சு. நோட்டுல அதுக்கப்புறம் ஒரே கோடு. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு. தெருவுல ஓலை பிடிச்சுப் பாடிட்டு வர ஒருத்தரும் இல்ல. அன்னிக்கு ராத்திரி ஒன்பது மணிக்குப் பிரதமர் சொன்னபடி ஊரெல்லாம் விளக்கு ஏத்தினாங்க. ஏப்ரல் 12 ஈஸ்டர். அதுவும் வீட்டுக்குள்ளயே. ரோம்லயே அப்படித்தான். மார்ச் 27 அன்னிக்குப் போப் பிரான்சிஸ் மழையில, ஆளில்லாத பேதுரு சதுக்கத்துல நின்னு ஜெபம் பண்ணினதை டிவில பாத்திருப்பீங்க.

இங்கேயும் மாதா டிவியிலயும் போன்லயும் பூசை ஓடுச்சு. வாராவாரம் என்கிட்ட சிறுகீரை வாங்குற ஒரு வயசான அம்மா இருக்காங்க. மேலே கால் கட்டு கம்மியா கேட்டுப் பேரம் பேசுவாங்க. அவங்க வீட்டுக்குக் கீரை கொண்டுபோய்க் குடுத்தப்போ, “போன்ல பூசை பாக்குறீங்களாமே பெரியம்மா?”ன்னு கேட்டேன். “பாக்கலாம் தம்பி. நன்மை வாங்க முடியுமா?”ன்னாங்க.

அப்போதான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. அவங்களுக்குப் பூசை கேக்குறதோட, பாக்குறதோட முடியறது இல்ல. அப்பத்தை வாங்கி உண்ணணும். சமைக்கிறதை டிவில பாத்தா பசி தீராது இல்லையா, அதுமாதிரி. 1576ல இத்தாலியில மிலான் ஊருக்குக் கொள்ளைநோய் வந்தப்போ, அங்கே பேராயரா இருந்த சார்லஸ் பொரோமியோ தெருமுனைகள்ல பீடம் போட்டுப் பூசை வைக்க ஏற்பாடு பண்ணினாராம். ஜனங்க சன்னல் வழியா பாத்தாங்க. நானூத்தி நாப்பது வருஷம் கழிச்சு சன்னலுக்குப் பதிலா போன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி திறந்த கதை. ஜூலைல கிராமப்புறத்துச் சின்னக் கோயில், சர்ச், மசூதிகளைத் திறக்க அரசு அனுமதி குடுத்துச்சு. வருஷ வருமானம் 10,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். ஆகஸ்ட் 10லேர்ந்து மாநகராட்சிப் பகுதிக்கும் அதே மாதிரி. ஆனா அந்த ரெண்டு மாசமும் ஞாயித்துக்கிழமை முழு ஊரடங்கு! சந்தை நாள்ல பூட்டிட்டு மத்த நாள்ல சந்தைக்கு வாங்கன்னா எப்படி? செப்டம்பர் 1லதான் எல்லா வழிபாட்டு இடமும் திறந்துச்சு. அது முதல் தடவை.

எங்க பக்கத்துக் கோயில் கொஞ்ச நாள் பொறுத்துத்தான் திறந்தாங்க. தீர்த்தத் தொட்டி காலி. பெஞ்சுக்கு ரெண்டு பேர். நன்மை நாக்குல இல்ல, கையில. முன்னே ஞாயித்துக்கிழமை அறுபது கட்டு போகும். அன்னிக்குப் போனது பதினொன்னு.

மெல்ல மெல்ல ஏறி நாப்பதைத் தொட்டப்போ ரெண்டாவது அலை. 2021 ஏப்ரல் 26லேர்ந்து மறுபடி பூட்டு. ஜூலை 5ல ரெண்டாவது திறப்பு. ஆகஸ்ட்ல வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் மூடச் சொன்னாங்க. கூட்டம் சேருற நாளை மூடுறதுதான் காரணம், அதுல நியாயமும் இருந்துச்சு. ஆனா பங்கு மக்களுக்கு அந்த நாள்தானே நாள். அக்டோபர் 14ல அதை எடுத்தாங்க. மூணாவது. 2022 ஜனவரில ஒமைக்ரான், திரும்பவும் அதே மூணு நாள் தடை. ஜனவரி 28ல நீக்கம். 30ஆம் தேதி ஞாயிறு நாலாவது திறப்பு.

இதுக்கு நடுவுல 2021 நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்னிக்குக் கீரை இல்ல, சாமந்தி கொண்டுபோனேன். மே மாசத்துல செத்தவங்களை அடக்கம் பண்றப்போ கூட நிக்க முடியாத பிள்ளைங்க, அன்னிக்குத்தான் குழிகிட்ட நின்னு அழுதாங்க. ஒரு பையன் பூவை வாங்கிட்டுக் காசு குடுக்க மறந்து போயிட்டான். நான் கேக்கல. எனக்கு அன்னிக்குத்தான் அந்தப் பங்கு நிஜமா திரும்பி வந்த நாள்னு படுது. உயிரோட இருக்கறவங்க மட்டும் திரும்பினா போதாதே.

கதவைத் திறந்த தேதி அரசு ஆணையில இருக்கும். ஜனங்க திரும்பின தேதி எதுலயும் இருக்காது. சிலர் டிவி பூசைக்கே பழகிட்டாங்க. சிலருக்கு முட்டி வலி. சிலர் இல்லவே இல்ல. 2022 ஏப்ரல் 17 ஈஸ்டர் அன்னிக்கு என் நோட்டுல ஐம்பத்திரெண்டு கட்டு. பழைய அறுபது இன்னிக்கு வரைக்கும் வரல.

அன்னிக்கு அந்தப் பெரியம்மா பேரன் கையைப் பிடிச்சுட்டு வந்தாங்க. சிறுகீரையைத் தூக்கிப் பாத்துட்டு, “என்ன தம்பி, கட்டு இளைச்சுப் போச்சு?”ன்னாங்க. ரெண்டு வருஷமா நான் கேக்காத பேரம். கட்டு மேல கொஞ்சம் சேத்து வச்சுக் குடுத்தேன்.