பெட்ரோலை அளக்கும் காற்று

மோட்டார் காரின் எஞ்சின் எதைக் கொண்டு ஓடுகிறது என்று கேட்டால், பெட்ரோல் என்றே பலரும் விடை கூறுவர். ஆனால் எடைக் கணக்கில் அது உட்கொள்வதில் பெரும்பகுதி காற்றேயாகும். 1 கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிலோகிராம் காற்று தேவை. அதாவது 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று!

பழைய கார்களில் இவ்விரண்டையும் தக்க விகிதத்தில் கலந்து தந்தது கார்புரேட்டர். பாய்பொருளின் வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். குழாயின் குறுகிய பகுதியில் அழுத்தம் குறைவதை இத்தாலிய அறிஞர் வெஞ்சூரி 1797-இல் விளக்கினார். 1893-இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக் பெட்ரோலை நுண்துளை வழியே தெளிக்கும் கார்புரேட்டரை அமைத்தார். குறுகிய தொண்டையில் விரையும் காற்றின் அழுத்தம் குறைய, அருகிலுள்ள சிறு தொட்டியிலிருந்து பெட்ரோல் மேலேறித் தெறிக்கிறது. ஆகவே பெட்ரோலை இழுப்பதும் காற்றே. அதன் அளவை முடிவு செய்வதும் காற்றே.

ஆனால் ஒரே அளவான தொண்டை எல்லா வேகத்துக்கும் பொருந்துவதில்லை. இங்கிலாந்தில் காலணி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஸ்கின்னர் இதற்கு ஒரு வழி கண்டார். எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கும்போது தொண்டை தானே விரியும். கூம்பு வடிவ ஊசி ஒன்று உடன் உயர்ந்து, பெட்ரோல் வரும் துளையையும் பெரிதாக்கும். 1905-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். முதல் கருவியில் இருந்த தோல் துருத்தியைத் தைத்துத் தந்தவர் அவர் மனைவி. எஸ்.யூ. என்ற பெயர் பெற்ற இக்கார்புரேட்டரே 1959-இல் வெளிவந்த மினி காரிலும் பொருத்தப்பட்டது.

மினியின் காற்று வடிகட்டியில் ஒரு புதுமை உண்டு. குளிர்காலத்தில் அதன் மூக்கை, சூடான புகைக்குழாயின் அருகே இருக்குமாறு திருப்பி வைக்க வேண்டும். கோடையில் விலக்கி வைக்க வேண்டும். ஏன்? பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றுப்புறத்தின் வெப்பத்தைக் கவர்கிறது. ஈரக்காற்று வீசும் குளிர்நாளில் தொண்டையில் பனிக்கட்டி படிந்து எஞ்சின் நின்றுவிடலாம். வெப்பக் காற்று இதைத் தடுக்கும். எனினும் 0 டிகிரி செல்சியசில் உள்ள காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் அடர்த்தி சுமார் 10 சதவீதம் குறையும். எஞ்சினின் திறனும் குறையும். எனவேதான் கோடையில் குளிர்ந்த காற்று.

1964-இல் மான்டே கார்லோ பந்தயத்தில் மினி வென்றது. வேகத்தில் ஆசை கொண்டோர் பலர் வடிகட்டியைக் கழற்றிவிட்டால் திறன் கூடும் என எண்ணினர். தடை நீங்கினால் காற்று எளிதாக நுழையும் என்பது உண்மையே. ஆனால் தொண்டையில் அழுத்தக் குறைவும் சற்றே தணிகிறது. பெட்ரோல் போதிய அளவு ஏறுவதில்லை. நீர்த்த கலவை மெதுவாக எரியும். எஞ்சின் சூடேறும், வால்வுகள் கருகவும் கூடும். வடிகட்டப்படாத தூசியோ சிலிண்டரின் சுவரைத் தேய்க்கும். விவரம் அறிந்த மெக்கானிக்குகள் காற்றுவழியை மாற்றும்போதெல்லாம் ஊசியையும் மாற்றினர்.

மூக்கைத் திருப்பும் வேலையை 1960-களின் பிற்பகுதியில் சில கார்களில் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியே ஏற்றது. 1990-களில் மினியிலும் கார்புரேட்டர் மறைந்து, பெட்ரோலைப் பீச்சும் முறை வந்தது. அங்கும் காற்றின் அளவை அறிந்த பின்னரே கணினி பெட்ரோலை விடுகிறது. பழைய காரைப் பேணுவோர் இதை மனத்தில் கொள்வது நலம்: காற்றுவழி வெறும் குழாயன்று, அது அளவுகோலின் ஒரு பகுதி. அதில் கை வைத்தால் அளவும் மாறும்.