நமுனுகுல மலைச்சாரலும் ஓரங்குலப் படமும்

பதுளை நகரின் தென்கிழக்கே வானை மறைத்து நிற்பது நமுனுகுல மலைத்தொடர். ஒன்பது சிகரங்கள் என்பது அச்சிங்களப் பெயரின் பொருளெனக் கூறுவர். அதன் உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,036 மீற்றர் உயரமானது. மேற்குச் சாரலிற் பெய்யும் மழை பதுளு ஓயாவை அடைந்து மகாவலியுடன் கலக்கின்றது. மறுபுறம் இறங்கும் நீரோ மாணிக்க கங்கையாகிக் கதிர்காமத்தை நோக்கிச் செல்கின்றது. ஆடி மாதத்திற் கதிர்காமம் செல்லும் தோட்டத்து யாத்திரிகர் மூழ்கியெழும் நீர், தம் லயத்துக்கு மேலேயுள்ள மலையில் ஊறிய நீரே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இடவிளக்கப்படத்தில் நீலக்கோட்டை விரலால் தொடர்ந்து சென்றபோதே இக்கட்டுரையாளனும் அதனை உணர்ந்தான்.

மலையக மக்களின் வரலாற்றை எழுத முற்படுவோர் எதிர்கொள்ளும் முதல் இடர், சான்றுகள் பெரும்பாலும் பிறர் கைப்பட எழுதப்பட்டவை என்பதேயாகும். தோட்டத்துரைமாரின் நினைவுக் குறிப்புகள், அரசாங்க அதிபர்களின் நிருவாக அறிக்கைகள், குடிசன மதிப்பீடுகள் ஆகியவை யாவும் மேலிருந்து கீழ்நோக்கிப் பார்த்தவை. நாட்டார் பாடல்கள் இக்குறையை ஓரளவு நிரப்புகின்றன, சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அவற்றைத் தொகுத்தமையால் நாம் பெற்ற பயன் பெரிது. ஆயின் நில அளவைத் திணைக்களத்தின் இடவிளக்கப்படங்கள் புவியியல் மாணவர்க்கே உரியவை எனக் கருதி வரலாற்று மாணவர் அவற்றை ஒதுக்கி வந்துள்ளனர். நமுனுகுலச் சாரலைக் காட்டும் தாளொன்றை மேசைமீது விரித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவற்றை அறியலாம், எவற்றை அறிய இயலாது என்று ஆராய்வதே இங்கு நோக்கம்.

முதலிற் படம் பிறந்த வரலாற்றைக் காண்போம். இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. எனினும் கண்டி இராச்சியம் வீழ்ந்த பின்னரும் மலைநாட்டின் பெரும்பகுதி அக்காலப் படங்களில் வெற்றிடமாகவே கிடந்தது. வழியறியாத காடுகளிற் படை நடத்துவதன் துன்பத்தை 1817–1818 ஊவா வெல்லச எழுச்சியின்போது பிரித்தானியர் நன்கு உணர்ந்தனர். அவ்வெழுச்சி அடக்கப்பட்ட முறை ஊவாவின் கிராமங்களையும் நீர்ப்பாசனத்தையும் எவ்வாறு சிதைத்தது என்பதை நாம் அறிவோம். பின்னர் தோமஸ் ஸ்கின்னர் முதலியோர் மலைகளில் ஏறி அளந்தனர். ஜோன் பிரேசரின் பெயரில் 1862இல் வெளியான இலங்கைப் படம் அவ்வுழைப்பின் விளைவாகும். ஸ்கின்னர் தெருக்களை அமைத்தவரும் ஆவார். அளவுகோலும் மண்வெட்டியும் ஒருவர் கையிலேயே இருந்தமை தற்செயலன்று.

மைலுக்கு ஓரங்குலம் என்ற அளவிலான இடவிளக்க அளவை 1897இல் தொடங்கி 1924இல் நிறைவெய்தியது. நாடு முழுவதும் எழுபத்திரண்டு தாள்களில் அடங்கிற்று. புகையிரதம் பதுளையை அடைந்ததும் அதே 1924ஆம் ஆண்டிலேயாம். பண்டாரவளை வரை 1894இல் வந்துவிட்ட பாதை, அங்கிருந்து பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. தாமதத்திற்கான காரணத்தைச் சமவுயரக்கோடுகளே சொல்லிவிடும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே அக்கோடுகள் ஒன்றன்மேலொன்று நெருங்கிக் கிடக்கின்றன. தெமோதரை நிலையத்தில் பாதை வளைந்து சுழன்று, தான் கடந்து வந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கவழியாகப் புகுந்து செல்கின்றது. படத்தில் அது ஒரு சிறு சுருக்குக் கயிறுபோலத் தோன்றும்.

இனிச் சாரலை அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி வாசிப்போம். பள்ளத்தாக்கில் ஓடையை ஒட்டி வயல்கள்; அவற்றின் ஓரமாகக் கிராமங்கள்; அவற்றுக்கு மேலே தேயிலை; தேயிலைக்கும் மேலே முகட்டை அண்டி எஞ்சிய காடு; இடையிடையே ஊவாவுக்கே உரிய பத்தனைப் புல்வெளி. வயலின் பெயர்கள் ‘வெல’ என்றும், ஊர்ப்பெயர்கள் ‘கம’ என்றும், எரித்துப் பயிரிட்ட மேட்டுநிலத்தின் பெயர்கள் ‘ஹேன’ என்றும் முடிதல் சிங்கள வழக்கு. இத்தகைய ‘ஹேன’ப் பெயர் ஒன்று தேயிலைக்கு நடுவே தனித்துக் கிடக்குமாயின், அங்கே ஒரு காலத்தில் கிராமத்தாரின் சேனை இருந்திருக்கலாம் என ஊகிக்க இடமுண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவை என ஊகித்தது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை பயிரிடப்படும் சேனை நிலத்துக்கு எழுத்துமூல உறுதி காட்டக்கூடிய விவசாயி எத்துணைப் பேர்? அவ்வாறு முடிக்குரியதான நிலம் தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து சிலிங்குக்குக் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. தோட்டத் தமிழரும் கிராமச் சிங்களவரும் ஒருவரையொருவர் நிலம் பறித்தவராக நோக்குமாறு பிற்கால அரசியல் செய்தது. அப்பகையின் வேர் 1840இன் சட்டத்தில் இருப்பதைக் காண்பதற்கு இந்த ஒரு தாளே போதும் என்பது என் துணிபு.

கோப்பியின் கதையும் இம்மலைகளுக்கு அயலதன்று. அப்பயிரை அழித்த இலைநோய் 1869இல் முதன்முதலிற் கண்டறியப்பட்டது பதுளைக்கு வடகிழக்கேயுள்ள மடுல்சீமைப் பகுதியிலேயாம். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி மறைந்து தேயிலை வந்தது. பயிர் மாறியபோது பாதைகளும் தோட்டப் பெயர்களும் பெரும்பாலும் மாறவில்லை. ஆதலால் தேயிலைக் காலப் படத்தில் நாம் காணும் பாதைகள் பல கோப்பிக் காலத்தின் எலும்புக்கூடு எனலாம்.

ஸ்பிரிங்வெலி, கனவரல்ல, டொனகொம்ப, பிங்கராவ என்ற தோட்டப் பெயர்களைப் படத்தில் வாசிக்கும்போது இரு மொழிகள் தெரிகின்றன. ஒன்று ஆங்கிலேயர் தம் நாட்டிலிருந்து கொணர்ந்தது. மற்றது அவர்களுக்கு முன்னரே இங்கிருந்த சிங்களம். தமிழ் எங்கே? மக்களின் வாயில் இருக்கின்றது. பதுல்ல பதுளை ஆயிற்று. பஸ்ஸர பசறை ஆயிற்று. பண்டாரவெல பண்டாரவளையாகவும், ஹப்புத்தள அப்புத்தளையாகவும், லுணுகல லுணுகலையாகவும் திரிந்தன. அயற்சொல்லின் இறுதி அகரத்தை ஐகாரமாக்கித் தமிழாக்கிக்கொள்ளும் இவ்வழக்கு, ஒரு மக்கட் கூட்டம் தான் வந்தடைந்த இடத்தைத் தனதாக்கிக் கொண்டமைக்கு மொழி தரும் சான்றாகும். தோட்டத்துக்குள்ளே சென்றால் இதனினும் நுணுக்கமான இடப்பெயர் முறையொன்று உண்டு. தோட்டப் பிரிவுகள் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு எனப்படும். தேயிலைப் பாத்திகள் யாவும் ‘மலை’கள்; கோயில் மலை, பத்தாம் நம்பர் மலை என அவை விரியும். பெரட்டுக்களம், ஸ்டோர், பிள்ளைக்காம்பரா என்பன ஒவ்வொரு நாளின் எல்லைக்கற்கள். அரச படம் இவற்றுள் எதனையும் அறியாது. ஆயினும் இலக்கியம் அறியும். ஊவாவிற் பிறந்து, தாம் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரின் முன் சூடிக்கொண்டவர் தெளிவத்தை ஜோசப். எழுத்தாளர் ஊர்ப்பெயர் சூடுவது நம்மிடையே புதிதன்று. தோட்டப் பெயர் ஊர்ப்பெயராகிய அந்த நிகழ்ச்சியே புதிது.

படம் தோட்டத்து மக்களின் வீடுகளை எவ்வாறு காட்டுகின்றது என்பது தனித்து நோக்கற்பாலது. மைலுக்கு ஓரங்குலம் எனின் நிலத்தில் 63,360 அங்குலம் தாளில் ஓரங்குலம் ஆகும். காம்பரா ஒன்று பத்தடி அகலமெனக் கொண்டால், பத்துக் காம்பராக்கள் கொண்ட லயத்தின் நீளம் நூறடி. அது தாளில் அரை மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. பத்துக் குடும்பங்கள் பிறந்து, மணந்து, இறந்த இடம் பேனா முனையின் ஒரு தொடுகைதான். எத்தனை பேர் வாழ்ந்தனர், எந்த ஊரிலிருந்து வந்தனர் என்று அக்கட்டம் சொல்லாது. ஆயினும் அது எங்கே நிற்கின்றது என்பதைச் சமவுயரக்கோட்டோடு சேர்த்துப் பார்க்கலாம். துரை பங்களா பெரும்பாலும் காற்றும் காட்சியும் வாய்ந்த மேட்டில் இருக்கும். லயங்கள் சரிவிலோ ஓடையருகிலோ நெருங்கிக் கிடக்கும். தோட்டத்தின் அதிகாரப் படிநிலையைச் சமவுயரக்கோடுகளிலே எண்ணிவிடலாம்.

அந்தக் கட்டங்கள் படத்தில் ஏறிப் பல ஆண்டுகள் கழித்து வேறொரு கேள்வி எழுந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரைப் பிரசைகளாக ஏற்கவில்லை. அடுத்த ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் இடையறாது பத்தாண்டுகள், மணமானவராயின் ஏழாண்டுகள், இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவவேண்டியிருந்தது. லயம் 1924இல் நிறைவெய்திய அளவையிலேயே இருந்தது. லயத்துக்குள் இருந்தவர்க்கோ தாம் அங்கிருந்தமையைக் காட்டத் தாளில்லை. படம் கட்டடத்துக்குச் சாட்சி சொல்லும், குடியிருந்தவர்க்குச் சொல்லாது. பெருந்தொகையான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. நாடற்றோர் என்ற சொல் சட்டப் புத்தகத்திலிருந்து இறங்கி லயத்து முற்றத்துக்கு வந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அது முற்றாக அகலவில்லை.

பழைய படங்களின் பயன் கடந்த காலத்தோடு நின்றுவிடுவதன்று. 2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி காலை, இதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தையிலுள்ள மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடத்தின் அபாயம் குறித்து முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆயின் லயத்து மக்களுக்குப் போவதற்கு வேறு நிலம் இருக்கவில்லை. லயங்கள் நிற்குமிடம் அங்கு வாழ்வோர் தேர்ந்ததன்று. கோப்பிக் காலத்திலோ தேயிலையின் தொடக்கத்திலோ வேறொருவர் தம் வசதிக்காகத் தேர்ந்தது. எந்த லயம் எந்த ஓடையின் வாயில், எத்துணைச் சரிவின் கீழ் நிற்கின்றது என்பதைப் பழைய ஓரங்குலத் தாளையும், மீற்றர் அளவைக்கு மாறிய பிற்கால 1:50,000 தாளையும், மண்சரிவு அபாய வலயப் படத்தையும் ஒன்றன்மேலொன்று வைத்து ஆராயும் வேலை வரலாற்று மாணவனுக்கும் உரியது.

இத்தகைய ஆய்வுக்குப் படம் ஒரு பாதி மட்டுமே. மறுபாதி வாய்மொழி. தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மேற்கணக்குக்கு ஏறி, முதியோரிடம் ஒவ்வொரு மலையின் பெயரையும், ஒவ்வொரு ஒற்றையடிப் பாதை சென்று முடியும் கோயிலையும் கேட்டுத் தாளின்மீது தமிழில் எழுதவேண்டும். ஒற்றையடிப் பாதைகளே துரைமார் வகுக்காத வழிகள். ஒரு தோட்டத்தார் மறு தோட்டத்தில் பெண் கொடுத்ததும் எடுத்ததும் அவ்வழிகளாலேதான். ஆனால் அவற்றை அறிந்தோர் அனைவரும் இப்போது நமுனுகுலச் சாரலில் இல்லை. 1964 ஒக்ரோபரிற் கைச்சாத்தான ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அவ்வாறு சென்றோருட் பலர் நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும், மீண்டும் தேயிலைக்கே குடியமர்த்தப்பட்டனர். நமுனுகுலத் தாளில் விடுபட்ட பெயர்கள் சிலவற்றைத் தேடி அங்கும் செல்ல நேரிடும்.