போர்க்காலத்து ஜெர்மானியத் தபால் உறைகள்

தபால்தலை திரட்டுவோருள் பலர் தலையை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு உறையைக் குப்பையில் எறிந்துவிடுகின்றனர். நானோ உறையை முழுமையாகவே பேணி வைப்பவன். அதிலும், 1939 முதல் 1945 வரை ஜெர்மனியில் எழுதப்பெற்ற கடிதங்களின் உறைகள்பால் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. அவற்றுள் பலவற்றில் பிரித்தெடுப்பதற்குத் தலையே இராது என்பது வேடிக்கை.

போர்முனையிலிருந்த வீரன் எழுதும் சாதாரணக் கடிதத்துக்குக் கட்டணம் கிடையாது. ‘பெல்ட்போஸ்ட்’, அதாவது போர்க்களத் தபால், என்று மேலே எழுதி, ஐந்து இலக்க எண் ஒன்றைக் குறித்தால் போதும். அவ்வெண்ணே அவனது முகவரி. படைப்பிரிவின் பெயரும் இராது, ஊரும் இராது. உறை பகைவர் கையில் சிக்கினும் எப்படை எங்குள்ளது என்று தெரியலாகாதன்றோ? ஆகவே, மகன் நிற்பது பிரான்சிலா, ரஷ்யப் பனியிலா என்று அறியாமலே தாய்மார் எழுதினர். அவ்வெண்கள் எந்தெந்தப் படைக்கு உரியவை என்னும் பட்டியல்கள் போருக்குப் பின் வெளிவந்துவிட்டன. அன்று தாய் அறியாததை இன்று நாம் உறையை நோக்கியே அறிகிறோம்.

1942 நவம்பரில் ஸ்டாலின்கிராட் நகரத்தருகே ஜெர்மானிய ஆறாவது சேனை வளைக்கப்பட்டது. அதன்பின் தபால் போக்குவரத்துக்கு விமானமே வழியாயிற்று. 1943 ஜனவரியில் விமானத் தளங்களும் வீழ்ந்தன. பிப்ரவரி 2-ஆம் நாள் எஞ்சியோரும் சரணடைந்தனர். போர்முனைக்குச் சென்று உரியவரைச் சேராத கடிதங்கள், ‘திருப்பப்படுகிறது, புதிய முகவரியை எதிர்பார்க்கவும்’ என்ற முத்திரையுடன் வீடு திரும்புவதுண்டு. இதனினும் கொடிய அலுவலகச் சொற்றொடரை நான் கண்டதில்லை.

அயல்நாடு சென்ற கடிதங்களின் நிலை வேறு. தணிக்கையாளர் ஓரத்தைக் கத்தரித்துப் படித்தபின், ‘திறக்கப்பட்டது’ என்று அச்சிட்ட தாளை ஒட்டி, கழுகு பொறித்த வட்ட முத்திரையைக் குத்துவர். அதிலுள்ள சிற்றெழுத்து ஒன்று தணிக்கை நடந்த ஊரைக் காட்டும்: ‘பி’ எனில் பெர்லின், ‘டி’ எனில் மூனிச், ‘ஜி’ எனில் வியன்னா. அந்த ஒட்டுத்தாளை அழுக்கென்று கருதி உரித்துவிடுவோரும் உளர்!

உறையைத் திருப்பிப் பாருங்கள்; அனுப்பியவர் பெயர் அங்கேதான் இருக்கும். 1938-இல் பிறந்த ஆணையொன்றின்படி, யூதப் பெயரென அரசு வகுத்த பட்டியலில் அடங்காத பெயருடைய யூதர்கள், 1939 ஜனவரி முதல் நாள் தொட்டு, ஆணாயின் ‘இஸ்ரேல்’ என்றும் பெண்ணாயின் ‘சாரா’ என்றும் கூடுதற் பெயர் ஒன்றைச் சேர்த்தெழுதக் கட்டாயப்படுத்தப்பட்டனர். ஒருத்தி தன் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவே, தான் விரும்பாத அச்சொல்லைத் தன் கையாலேயே எழுதியிருப்பாள். முன்புறத்துத் தலையை மட்டும் வெட்டியெடுத்தவனுக்கு அப்பெண் இருந்ததே தெரியாது. 1941 அக்டோபரில் ஜெர்மானிய நகரங்களிலிருந்து யூதர்களைக் கிழக்கே கொண்டுசெல்லும் இரயில்கள் தொடர்ந்து புறப்படலாயின. 1943-க்குப் பிற்பட்ட நாள் முத்திரையுடன் இத்தகைய உறையொன்று காணக் கிடைப்பது மிக அரிது.